வயரைப் பிடுங்கிக் காட்டிய மேதாவி

கண்டியில் நான் வேலை செய்யும் ஸ்டூடியோவில் கலியாணப் படங்களைச் சேமிக்க இரண்டு சேர்வர்கள் வைத்தோம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு நெட்வேர்க் முகவரி. ஒன்று படுத்துவிட்டால், மற்றது அந்த முகவரியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும். சேர்வர்களை நான் அமைத்தேன். பொது முகவரியைக் கணினிகளில் போடும் வேலை சுரேஷுடையது. மஹய்யாவவில் என் அடுத்த வீட்டுக்காரன். அவனை இந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான்.

கம்பளையில் திறக்கவிருந்த கிளைக்கு என்னைப் பொறுப்பாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அவரை அசத்துவதற்காக, அவரும் சுரேஷும் பார்த்துக்கொண்டிருக்க, மந்திரவாதி மாதிரிக் கையை உயர்த்தி, முதல் சேர்வரின் வயரைப் பிடுங்கினேன். இரண்டாவது சேர்வர் ஒழுங்காகவே பொறுப்பேற்றது. கணினிகளில்தான் ஒரு படமும் வரவில்லை. பார்த்தால், சுரேஷ் எல்லாவற்றிலும் முதல் சேர்வரின் சொந்த முகவரியையே போட்டிருக்கிறான்!

"என்னடா இது?" என்றேன்.

"இவன் குடுத்த நம்பரத்தான் போட்டேன் மொதலாளி. பிழைன்னு அப்பவே சொன்னேன், கேக்கல," என்றான், என் முகத்தைப் பார்த்தபடியே.

நான் கொடுத்தது பொது முகவரியைத்தான். பிழை என்று அவன் சொல்லவே இல்லை. பகிடி விடுகிறான் என்று நினைத்து நான் சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை.

"அப்ப கம்பளைக்கு சுரேஷ் போகட்டும்."

பின்னேரம் பஸ்ஸில் சுரேஷ் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான்.

"கோவமா மச்சான்?"

நானும் வெட்கமில்லாமல் போய் உட்கார்ந்தேன். முகவரிகளை அன்றே திருத்திவிட்டேன். அந்தப் பொய்யை மனதில் எங்கே வைப்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.