கணக்கில் வராத எண்ணெய்

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் கொழும்பு கொட்டாஞ்சேனையில், கப்பல் சாமான் திருத்தும் ஒரு பட்டறையில் எனக்கு வரைபடம் கீறும் வேலை. ஒருநாள் இங்கிலாந்திலிருந்து முள் வைத்த ஸ்பனர் ஒன்று வந்தது. போல்ட்டை எவ்வளவு பலமாக முடுக்குகிறோம் என்பதை அந்த முள் அடி-இறாத்தலில் காட்டும். எந்தப் போல்ட்டுக்கு எவ்வளவு என்று ஓர் அட்டவணை போடும்படி பட்டறையை நடத்திய வெள்ளைக்காரத் துரை என்னிடம் சொன்னார்.

வெள்ளவத்தை அறையில் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். போல்ட்டின் தடிப்பு, அது தாங்கும் இழுவை, புரியின் உராய்வு எல்லாம் பார்த்துப் போட்ட கணக்கு. உராய்வுக்கு நான் எடுத்த எண், எண்ணெய் படாத காய்ந்த புரிக்கு உரியது. அதை அட்டவணையில் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்ற தலைக்கனம்.

போல்ட் முடுக்குபவர் முகத்துவாரத்திலிருந்து வரும் பாஸ். தொழில் தெரிந்தவரைக் கொழும்பில் அப்படித்தான் கூப்பிடுவோம். மீன்பிடிக் குடும்பம். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று எந்தப் போல்ட்டையும் சுறா எண்ணெயில் தோய்த்துத்தான் பூட்டுவார். அந்த நாற்றத்துக்காக நானே அவரைக் கேலி செய்திருக்கிறேன். அப்படியிருந்தும் கணக்குப் போடும்போது அது என் புத்தியில் உறைக்கவில்லை.

எண்ணெய் பட்ட புரி வழுக்கும். முள் அதே அளவைக் காட்டினாலும் போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டுவிடும். பாரம் தூக்கும் ஒரு வின்ச்சின் அடிப்போல்ட்டுகள் அப்படி இழுபட்டு, பாரம் ஏற்றிச் சோதித்தபோது அறுந்தன. வின்ச் சரிந்து பாஸின் வலது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் துரை என்னையும் கூட்டிப்போனார். அவருக்குத் தமிழ் தெரியாது, பாஸுக்கு ஆங்கிலம் தெரியாது. பிழை பாஸுடையது இல்லையென்றால் ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை தருவதாகவும், அவருடையதென்றால் நிறுத்திவிடுவதாகவும் துரை வழியில் சொல்லியிருந்தார்.

எண்ணெய் போட்டாரா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

“ஓம், போட்டனான். எப்பவும் போடுறதுதானே. ஐயாட தாளில எண்ணெய் போடக்கூடாது எண்டு ஒரு சொல்லும் இல்ல. அதையும் துரைக்குச் சொல்லுங்க ஐயா.”

முதல் பாதியை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். துரை தலையாட்டிக் குறித்துக்கொண்டார். வெட்கங்கெட்டவன் நான், அந்த நேரம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

துரை வெளியே போனதும் பாஸ் என் கையைப் பிடித்தார்.

“துரை தலையாட்டினத பாத்தனான். நல்லா எடுத்துச் சொன்னீங்க ஐயா.”

“ஓம்” என்றேன்.