‘இதோ வந்துட்டேன்’ மேஸ்திரி

எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. போனை எடுத்ததும் “இதோ வந்துட்டேன்” என்பார், வரமாட்டார். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கைவேலை சுத்தம். அவர் பூசிய சுவரில் கன்னத்தை வைத்துத் தூங்கலாம் என்பாள் என் மனைவி. ஆனால் எந்த வீட்டிலும் கடைசி வேலை மட்டும் அந்தரத்தில் நிற்கும். வேலை பாக்கியிருக்கும் வீட்டில் சாந்துச் சட்டியையும் மட்டப்பலகையையும் விட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம். “சட்டி இங்கதானே கெடக்கு, நான் எங்க ஓடிடப் போறேன்?” என்பார். பல வீடுகளில் சட்டி இருந்தது; அவர்தான் இல்லை.

அவரிடம் வேலை வாங்கத் தெரிந்தவள் என் மனைவி ஒருத்திதான். அதட்டமாட்டாள். எங்கள் சமையலறையை அவர் புதுப்பித்த நாட்களில், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடியே வாயைக் கிளறுவாள்.

“உன் கல்யாணத்துக்காவது நேரத்துக்குப் போனியா, தம்பி?”

“மாமனார் வந்து கையோட கூட்டிட்டுப் போயிட்டாருக்கா” என்றார் அவர், கலவையிலிருந்து தலை நிமிராமல்.

சமையலறை அலமாரிக்கு அவர் டேப் பிடிப்பதில்லை. அங்கே புழங்கப்போகிறவரைச் சுவரோரம் நிறுத்தி, எக்காமல் கையைத் தூக்கச் சொல்வார். விரல் நுனி தொட்ட இடத்தில், காதில் செருகியிருக்கும் பென்சிலால் ஒரு கோடு. என் மனைவிக்கும் அப்படித்தான் போட்டார். அன்று மாலை அவள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். குதிகால் வலிக்காக வீட்டுக்குள் போட்டிருந்த தடித்த ரப்பர் செருப்போடு நின்றுவிட்டாளாம். கோடு மேலே போய்விட்டது. தம்பி வரட்டும், சொல்லிக்கொள்கிறேன் என்றாள். தம்பி மறுநாள் வரவில்லை. அவர் வருவதற்குள் அவள் மருத்துவமனைக்குப் போய், திரும்பாமலே போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஓய்ந்த பிறகு ஒருநாள் மேஸ்திரி தானாகவே வந்தார். நான் முன்னறையில் இருந்தேன். சமையலறையில் சுத்தியல் சத்தம் கேட்டது, சட்டென்று நின்றது. போய்ப் பார்த்தால் உளி தரையில் கிடந்தது, பின்கதவு திறந்திருந்தது. பிறகு அவர் வரவே இல்லை. போனில் மட்டும் “இதோ வந்துட்டேன்.” அந்தக் குரலிலும் பழைய தெம்பு இல்லை.

கண்ணாடி போடாத ஜன்னலில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் காற்றுக்கு உப்பும், பிறகு உள்ளே ஒட்டிக்கொள்ளும். யாரோ நிதானமாக மூச்சு விடுவதைப் போல. பாத்திரங்களைத் தரையில் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, முன்னறையில் ஒற்றை அடுப்போடு காலம் தள்ளினேன். எனக்கென்ன, ஒரு வயிறு. ஆனால் மகள் கைக்குழந்தையோடு வந்து என்னுடன் இருக்கப்போவதாகச் சொன்னாள். “அம்மாதான் இல்ல. அம்மா ஆசைப்பட்ட அடுப்படியாவது இருக்கட்டும்பா” என்றாள்.

வேறொருவரை வரவழைத்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கொத்திவிட்டுப் புதிதாகச் செய்துவிடலாம் என்றார். அந்தப் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மேஸ்திரியின் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

பூசாத செங்கல் சுவர்; ஜன்னலுக்குச் சாக்குத் திரை. அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“பாத்து உக்காருங்க சார், ஆடும். அதுக்கும் நாளைக்கு ஆணி அடிக்கிறேன்னிருக்காரு.”

அவர் எங்கே என்று கேட்டேன். அந்த அம்மாவின் முகம் மாறியது.

“உங்க வீட்டுக்குத்தானே சார் தினமும் போறாரு? அந்தக்கா வேலைய முடிச்சிட்டுத்தான் வேற வீடுன்னு சொன்னாரே.”

பார்க்கிறேன் என்று சொல்லி எழுந்துகொண்டேன். திரும்பும்போது வீட்டுக்குப் பின்பக்கச் சந்து வழியாக வந்தேன். பூட்டிய கடையின் படியில், மடியில் பையோடு மேஸ்திரி, எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஜன்னலை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்.

“அன்னிக்கு உளிய வெச்சேன் சார். ‘இன்னும் கொஞ்சம் கீழ, தம்பி’ன்னாங்க அக்கா. முதுகுக்குப் பின்னாடி நின்னு சொல்ற மாதிரி. அவங்க கைய வெச்சுத்தானே கோடு போட்டேன்? எவ்வளவு கீழன்னு யார்கிட்ட போய்க் கேப்பேன்?”

செருப்பு விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அறையில் நானும் தனியாக எவ்வளவோ நேரம் நின்றிருக்கிறேன். எனக்கு ஒரு சொல்கூடக் கேட்டதில்லை. பயத்தை விடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது.

“எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். வாங்க” என்றேன்.

கட்டிலுக்கடியிலிருந்து செருப்பை எடுத்து வந்து கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அதன் அடிப்பாகத்தை விரலால் தடவிப் பார்த்தார். பழைய கோட்டுக்குக் கீழே அந்தத் தடிமன் அளவுக்கு இறங்கிப் புதுக் கோடு போட்டார். உளியைப் பொருத்திவிட்டு அப்படியே நின்றார். நானும் நின்றேன். பிளாஸ்டிக் தாள் உப்பி, அடங்கியது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் அடித்தார்.

அலமாரிப் பலகை ஏறியது. ஜன்னலுக்குக் கண்ணாடி வந்தது. எல்லாம் முடிந்ததும் சாந்துச் சட்டியைப் பின்கட்டுக் குழாயில் தேய்த்துக் கழுவி, மட்டப்பலகையோடு எடுத்துக்கொண்டு போனார். “ஏதாவது கொறைன்னா கூப்பிடுங்க சார்” என்றார் வாசலில்.

மகள் வந்துவிட்டாள். அவளும் அம்மா உயரம்தான். வெறுங்காலோடு நின்று, எக்காமல் டப்பாவை எடுக்கிறாள். கண்ணாடி ஜன்னல் மூச்சு விடுவதில்லை. அலமாரியில் ஒரு குறையும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.