கரிக்கோடு போட்ட தண்ணீர்

அழ வந்த சனமே டேங்கைக் காலி பண்ணிவிட்டது. றஸ்மியா மவுத்தானது விடியற்காலையில். தொழுகைக்கு வுளூ செய்கிறேன், கால் கழுவுகிறேன், தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று ஆளுக்கு ஆள் பைப்பைத் திறந்தார்கள். முந்தின நாள் போன கரண்ட் இன்னும் வரவில்லை. பத்து மணிக்கு மையித்தைக் குளிப்பாட்ட வந்த அபீபா பைப்பைத் திருகினாள். காற்றுதான் வந்தது.

அபீபாவுக்கு எழுபத்திரண்டு வயது. புருஷன் போய் இருபது வருஷம். எழுத வாசிக்கத் தெரியாது. பெல்மதுளைக்கு மேலே அந்த ஊரில் பொம்பளை மையித்து என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் வாய்க்குப் பயந்து வேறு எதற்கும் கூப்பிடுவது குறைவு.

"முக்தார்! தண்ணி எங்க?"

றஸ்மியாவின் புருஷன் முக்தார், சந்தியில் கடை வைத்திருப்பவன், கையை விரித்தான். "கிணத்துல ஈக்குது மாமி. கரண்ட் வந்தா மோட்டரப் போடலாம்."

"கரண்ட் வாற மட்டும் இவளக் கெடத்தி வெக்கவா? வாளியப் போட்டு அள்ளு."

அள்ளுவதற்குக் கிணற்றுக்கு வாய் இல்லை. மகள் நுஸ்கா தவழ்ந்த காலத்தில், பிள்ளை விழுந்துவிடும் என்று முக்தார் கொங்கிரீட் போட்டு மூடிவிட்டான். பைப் போக ஒரு ஓட்டை மட்டும். நுஸ்கா இப்போது கொழும்பில் வேலை செய்கிறாள். மூடி மூடினபடியே கிடக்கிறது.

அக்கம் பக்கத்து டேங்குகளும் பள்ளிவாசல் டேங்கும் வற்றிப்போயிருந்தன. தேயிலைத் தோட்டத்து லயத்தில் மலைத்தண்ணீர் விழும் பீலிக்கு ஆள் அனுப்பினார்கள். மூன்று மாதமாக மழை காணாத மலை. பீலி நூலாக வடிந்தது. ஒரு வாளி நிறைய அரை மணி நேரம், அதற்கும் லயத்துச் சனம் வரிசையில். பின்னேரம் அஸர் தொழுகைக்கு அடக்கம். எட்டு வாளியாவது வேண்டும்.

அப்போதுதான் அபீபாவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. தேங்காய் துருவும் துருவலை இரவல் கேட்டு வந்தபோது இந்த வீட்டுக் குசினி நிறையச் சட்டியும் பானையும் கண்டாள். எல்லாவற்றிலும் தண்ணீர், வாயில் துணி கட்டி, வயிற்றில் கரிக்கோடு.

"ஒரு கோடு குடிக்க, ரெண்டு கோடு ஆக்க, மூணு கோடு குளிக்க" என்றாள் றஸ்மியா. கரண்ட் எந்த நேரம் வந்தாலும் ஓடிப்போய் மோட்டரைப் போட்டுவிட்டு, கிணற்று மூடியில் காதை வைத்துக் கேட்பாளாம். கோடையில் கிணறு சட்டென்று வற்றும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டர் எரிந்துவிடும்.

"உலகம் அழியிற கியாமத் நாள் வாற மட்டும் குடிக்கவாடி சேக்கிற?" என்று அபீபா கேட்டாள். கேட்டதோடு விட்டாளா? ஒரு கலியாண வீட்டில் பத்துப் பேருக்கு நடுவிலும் அதையே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். றஸ்மியாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு பானையும் கண்ணில் படவில்லை. பைத்தியம் தெளிந்துவிட்டது என்று அபீபா நினைத்திருந்தாள்.

சேதி கேட்டுக் கொழும்பிலிருந்து வந்து மையித்தோடு உட்கார்ந்திருந்த மகளை உசுப்பினாள். "நுஸ்கா, எழும்பு. ஒங்க உம்மா தண்ணிய ஒளிச்சி வெச்சீக்கா. தேடு."

"எனக்கிட்ட ஒண்டும் சொல்லல்லயே பெரியும்மா."

"சொல்லியிருக்க மாட்டா. தேடு புள்ள."

கட்டிலுக்கு அடியில் நான்கு பானை. விறகு அடுக்குக்குப் பின்னால் ஒரு பிரியாணிச் சட்டி. அலுமாரிக்குள், மடித்த சாரிகளுக்குப் பின்னால்கூட இரண்டு கலன். எல்லாவற்றின் வாயும் றஸ்மியா தலையில் போடும் பழைய சோல் துணியைக் கிழித்துக் கட்டியது. அவிழ்த்த துணிகளை அபீபா ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள்.

மூன்று கோட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவினார்கள். இரண்டு கோட்டில் இலந்தை இலை. கற்பூரம் கரைக்க ஒரு கோட்டுப் பானையை அபீபா இழுத்தபோது நுஸ்கா கையைப் பிடித்தாள்.

"அது குடிக்கிற தண்ணி."

"அவ சேத்தது. அவளுக்கே ஊத்துவோம்."

றஸ்மியாவின் வலது பெருவிரல் நகத்துக்குள் கரி அப்பியிருந்தது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் முழுசாகப் போகவில்லை. "பொறுத்துக்கோ புள்ள" என்றாள் அபீபா. கரிக்காகச் சொல்கிறாள் என்று நுஸ்கா நினைத்துக்கொண்டாள்.

மையித்தைச் சுமந்த சந்தூக்கு வாசல் தாண்டி, ஆண்கள் மையவாடிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது வீட்டுக் கூடத்து லைட் எரிந்தது.

"கரண்ட்!" நுஸ்கா ஓடிப்போய் சுவிட்சைப் போட்டாள். மோட்டர் உறுமியது. சுவிட்சில் கையை வைத்தபடியே கேட்டாள்: "எவ்வளவு நேரம் ஓட விடணும் பெரியும்மா?"

அபீபா கிணற்று மூடியில் குனிந்து காதை வைத்தாள். கொங்கிரீட் சுட்டது. உள்ளே ஏதோ இரைந்தது. அது தண்ணீரா, வெறும் காற்றா, அவளுக்குப் பிடிபடவில்லை.

"நிப்பாட்டு."

"இப்பதானே போட்டேன்!"

"தெரியாது புள்ள, நிப்பாட்டு. மோட்டரையும் எரிச்சிப் போட்டா என்ன செய்ய?"

மோட்டர் நின்றது. டேங்கில் ஒரு சாண் தண்ணீர்கூட ஏறியிருக்காது. நுஸ்கா ஒரு காலிப் பானையைப் பைப்புக்கு அடியில் வைத்தாள். அபீபா அடுப்படிக்குப் போய்க் கரித்துண்டு ஒன்றை எடுத்து வந்தாள்.