நம்ம ஆள்

அன்று கண்டியில் எங்கள் தையல் கடையில் இருந்தவர்கள் அப்பா, பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அம்மா, பக்கத்துக் கடை ஹமீது நானா, ஏழாம் வகுப்பில் படித்த நான், தேர்தலில் நின்ற ஐயா. இன்று காலை என் மகன் மிசினடியில் விரித்த புதுக் கொடித்துணியின் கஞ்சி வாடை ஏறியதும் அத்தனை முகமும் முன்னால் வந்து நின்றது.

"மாஸ்டர், ஒங்க கைக்கு கொழும்புலயே ஆளில்ல. நான் ஜெயிச்சா புது மார்க்கெட்ல ஒங்களுக்குத்தான் மொதல் கடை" என்றார் ஐயா.

அவர் போனதும் ஹமீது நானா, "எழுத்துல வாங்கிக்கோங்க மாஸ்டர், பேச்ச நம்ப ஏலா" என்றார்.

"மாஸ்டர்னு வாய் நெறைய கூப்புடுறவரு ஏமாத்துவாரா?" என்றார் அப்பா.

கடனுக்குத் துணி வாங்கி ஐயாவுக்குக் கொடி தைத்தார். வரப்போகும் கடையை நம்பி, இருந்த வாடகைக் கடையையும் காலி செய்தார். ஐயா ஜெயித்தார். அப்பா போய்க் கேட்டபோது, "மாஸ்டர் நம்ம ஆளாச்சே, நம்ம ஆளு அவசரப்படலாமா?" என்று தோளைத் தட்டி அனுப்பிவிட்டார். ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது.

"இந்த எலெக்சன்ல நிக்கிறவரு, தம்பிதான் என் வலது கைன்னு சொன்னாரும்மா" என்கிறான் மகன் இப்போது, மிசினை மிதித்தபடி.

நான் மிசின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறேன். "முன்பணம் வாங்குனியா?"

"வலது கைன்னு சொல்றவருகிட்ட எப்புடிம்மா கேக்குறது?"

அப்பாவின் கொடிக் கூலி முந்நூற்று நாற்பது ரூபாய் இன்னும் வரவில்லை.