மணற்கல்லைச் சுட்டவள்

மணற்கல் என்றால் தொட்டவுடன் உதிரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த கல் அம்மிக்கல்லை விட இறுக்கம். கடலடியில் வெகு ஆழத்தில் துளை போட்டு, உருளை உருளையாக எடுத்து, பெட்டிகளில் அடுக்கி, ஆய்வுக்கூடம் இருந்த ராவாங்கிற்கு லோரியில் அனுப்புவார்கள். அதற்குள் எரிவாயு இருக்கும். வெளியே வரத்தான் வழி இருக்காது. அந்த வழி எவ்வளவு என்று அளந்து சொல்வது என் வேலை. எண்பதுகளின் நடுவில், மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய்வந்தேன்.

அடுத்த வருடம் அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை முடிகிறது. முடிந்ததும் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். என் வேலை நிரந்தரமானால்தான் ராவாங்கில் ஒரு வீடு பார்க்க முடியும். வேறு நாதி கிடையாது.

அந்தக் கல்லின் நுண்துளைகளுக்குள் களிமண் மயிரிழைகளாக வளர்ந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் சீப்பில் சிக்கிய முடிதான். வாயுவை மறிப்பதே அது. அளப்பதற்கு முன் கல்லைக் காயவைக்க வேண்டும். ஆனால் இளஞ்சூட்டில், ஈரம் முழுக்கப் போய்விடாமல், பல நாள். அவசரப்பட்டுச் சுட்டால் இழைகள் சுருண்டு படுத்துவிடும். பூமிக்கடியில் இல்லாத வழி எங்கள் மேசைமேல் திறந்துவிடும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் மேலதிகாரி கிள்ளான்காரர், தமிழர்தான். ஒருநாள் காலையில் வந்து, கல் காய்ந்துகொண்டிருந்த அடுப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"இன்னும் காயலையா? சூட்ட ஏத்தி விடும்மா. நாளைக்கு ரிப்போர்ட் போவணும் லா."

"சரிங்க சார்" என்றேன்.

சூட்டை ஏற்றிவிட்டேன். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற சனத்தில் பிறந்தவள் நான். தொரை தப்பாகச் சொன்னாலும் தலையாட்டு என்பதைச் சோற்றோடு சேர்த்து ஊட்டி வளர்த்தார்கள். படிப்பு அதைத் துடைத்துவிடும் என்று நம்பியிருந்தேன். மண்ணாங்கட்டி.

கல் நல்ல கல் என்று அறிக்கை போனது. அதை நம்பி, கல் எடுத்த அந்த எரிவாயுக் கிணற்றைத் திறந்து பார்த்தார்கள். வாயு பெருமூச்சு விட்டதுபோலக் கொஞ்சம் வந்து, நின்றுவிட்டது.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா வந்தார். பொறுமையாகத்தான் கேட்டார், இந்தக் கல்லை இப்படிச் சுடக்கூடாது என்று உனக்குத் தெரியாதா என்று. பக்கத்தில் மேலதிகாரி ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். தெரியும் என்றால், பிறகு ஏன் சுட்டாய் என்பார். மேலதிகாரியைக் கைகாட்ட வேண்டிவரும்.

"தெரியாது" என்றேன்.

மேலதிகாரி ஃபைலை மூடினார். பயிற்சி போதாது என்று எழுதி அந்த வாரமே என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என்னை அதைவிடக் குறைவாகத்தான் மன்னித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். சூட்டை ஏற்றச் சொன்னது யார் என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். இனி ராவாங் வீடு இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"எதுத்து ஏதும் பேசிட்டியா?"

"இல்லப்பா."

"அதுவரைக்கும் நல்லது" என்றார். முகம் தெளிந்துவிட்டது. ரசம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.