சுரங்கச் சாலைப் புகார்ப் பதிவேடு

எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசும். அப்படிப்பட்டவள் அச்சில் வரும்படி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேசவேண்டிய ஒரு நாளில் நான் பேசவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்திலிருந்து காலை பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டித் திருச்சியில் ஓர் அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்வந்தேன். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போகும் ஒரு சுரங்கச் சாலை எங்கள் பொறுப்பில் இருந்தது. அங்கே விளக்கு எரியவில்லை, சுவரில் கசிகிறது, சாக்கடை அடைத்திருக்கிறது என்று எது வந்தாலும் புகார்ப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை.

சுரங்கத்தின் நடுப்பகுதி பள்ளம். மழைத்தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும். அதை இறைக்க ஒரு பம்ப். பம்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஐம்பது வயதிருக்கும். பம்ப் ஷெட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் மனைவியோடு குடியிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து அவர் சொல்வதை நான் எழுதிக்கொள்வேன். எந்நேரமும் எழுதிக்கொண்டிருப்பதால் எனக்கு ‘டீச்சரம்மா’ என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த வருஷம் ஆடியில் பம்பின் அடி வால்வு கெட்டுப்போனது. குழாயில் தண்ணீர் நிற்காது. ஒவ்வொரு தடவையும் வாளி வாளியாக ஊற்றிக் குழாயை நிரப்பினால்தான் பம்ப் இழுக்கும்.

“நான் தண்ணி குடுத்தாத்தான் அது தண்ணி குடிக்குது, டீச்சரம்மா. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதிக்கொண்டேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். புகாரை மேலிடத்துக்குக் கடிதமாக அனுப்பியவுடன், பதிவேட்டில் அதற்கு நேராகச் சிவப்பு மையில் ‘முடிந்தது’ என்று எழுதிவிட வேண்டும். பக்கத்தில் புகார் சொன்னவரின் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். வால்வு மாற்றினார்களா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. சேர்ந்த புதிதில் ஹெட் கிளார்க்கிடம் இதைப் பற்றி ஒரே ஒரு முறை கேட்டேன்.

“நம்ம மேஜையை விட்டுப் போயிடுச்சுன்னா நமக்கு முடிஞ்ச மாதிரிதாம்மா. மாசக் கடைசியில பாக்கி ஒண்ணுகூட இருக்கக் கூடாது” என்றார்.

ஆடியிலும் ஆவணியிலும் புரட்டாசியிலும் அதே வால்வுக்காக மூன்று கடிதங்கள் போயின. மூன்று முறையும் சிவப்பு மையில் எழுதினேன். மூன்று முறையும் மைப்பெட்டியை அவர் முன் நகர்த்தி, “இங்க வைங்க” என்றேன்.

“சரியாயிடுங்களா?”

“எழுதியாச்சு.”

அவர் நம்பிக் கட்டைவிரலைப் பதித்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் பெரிய மழை. அவர் வாளியால் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே சுரங்கத்தில் இடுப்பளவு தண்ணீர் ஏறிவிட்டது. லால்குடிப் பக்கத்திலிருந்து வந்த நெல் வண்டி ஒன்று ஆழம் தெரியாமல் இறங்கிவிட்டது. மாடுகள் மிரண்டதில் வண்டி கவிழ்ந்தது. அவர் வாளியைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் பாய்ந்து ஒரு மாட்டின் கயிற்றை அறுத்துக் கரையேற்றினார். இன்னொன்று நுகத்தடியில் மாட்டிக்கொண்டு செத்தது. வண்டிக்காரர் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாராம்.

நாலாம் நாள் விசாரணை. மேலதிகாரி வந்து பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டார். பம்ப்காரர் கைகட்டி நின்றார். ஹெட் கிளார்க் என் எதிரே நின்றார்.

“மூணு தடவை புகார் குடுத்திருக்கே, மூணும் முடிஞ்சிருக்கு. உன் கைநாட்டும் இருக்கு. பம்ப் நல்லா இருந்தும் நீ ஓட்டலை, அப்படித்தானே?”

“இல்லீங்க ஐயா, வால்வை யாரும் மாத்தவே இல்லீங்க. டீச்சரம்மாவைக் கேளுங்க. அவங்களுக்கு எல்லாம் தெரியும்.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “இது உங்க எழுத்துதானேம்மா? வால்வு சரியாச்சா, இல்லையா?”

நான் ஹெட் கிளார்க்கைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லவில்லை. கூச்சம் என்று இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டேன். கூச்சம் இல்லை, என் வேலை போய்விடுமோ என்ற பயம்.

“ரெஜிஸ்டர்ல இருக்கிறபடிதான் சார்” என்றேன்.

வேலையிலிருந்து நீக்கியாகிவிட்டது, சாயங்காலத்துக்குள் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும் என்று பம்ப்காரரிடம் சொன்னார்கள். வராந்தாவில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் பின்னாலேயே போய் நின்றேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

“படிக்கத் தெரிஞ்சிருந்தா நான் விரலை வெச்சிருப்பேனாம்மா?” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மணப்பாறைப் பக்கத்து ஆள் ஒருவர் வேலைக்குச் சேர்ந்து, பம்ப் ஷெட் சாவியை வாங்கிக்கொண்டு போனார். வால்வை இன்னும் மாற்றவில்லை. அன்று மழை இல்லை.