மைக் குத்த இடமில்லாத மிக்ஸர்

என் பொண்டாட்டியோட தம்பி, டிஜே ஆகப்போறேன்னு பீங்கான் கம்பெனி வேலையை வுட்டான். "நம்ம ஊரு விசேஷத்துக்கு ரெண்டு பாட்டை மாத்தி மாத்திப் போடுற ரெண்டு சேனல் மிக்ஸரே போதும்டா, மைக் குத்த இடமிருக்குதான்னு மட்டும் பாரு"ன்னு சொன்னேன். "உங்களுக்கு மியூசிக்கெல்லாம் தெரியாது மாமா"ன்னுட்டு, சென்னைக்குப் போயி கலர் லைட்டு மின்னுற நாலு சேனல் மிக்ஸரைத் தூக்கிட்டு வந்தான். அதுல மைக்குக்கு ஒரு ஓட்டைகூட இல்ல.

மொத ஆர்டரே என் மகளோட காதுகுத்து. டிஜேவும் அவன்தான், தாய்மாமனும் அவன்தான். சீர்த்தட்டு வாசலுக்கு வந்துடுச்சு. யாரு சீரு, என்ன சீருன்னு மைக்குல சொல்லாம எங்க ஊர்ப்பக்கம் ஒரு தட்டும் உள்ள வராது. மைக் ஒயரைக் கையில புடிச்சிக்கிட்டு அவன் மிக்ஸரைச் சுத்திச் சுத்தித் தேடினான்.

"தொண்டை இருக்குதில்ல, கத்து"ன்னேன்.

சேர்மேல ஏறி நின்னு, தன் சீரைத் தானே கத்தினான். "தாய்மாமன் சீரு! பட்டுப்பாவாடை! வெள்ளிக்கொலுசு!" பந்தலே சிரிச்சுது.

"கேக்கல, இன்னொரு வாட்டி!"ன்னு பின்னாலேர்ந்து ஒரு பொம்பளைக் குரல் வந்துச்சு.

அவன் கூடப்பொறந்த அக்கா குரல்தான் அது.